பட்டுப்புழுவின் பகைவன், கோவாவின் காவலன்

சமைப்பதற்காகக் கோவாவை அரியும்போது உள்ளே பச்சைப்புழு நெளிந்தால் முகம் சுளிக்கிறோம். புழுவே இல்லாத கோவாவைக் கண்டால் மகிழ்கிறோம். ஆனால் அதற்கு எத்தனை தடவை நஞ்சு தெளித்தார்களோ என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நஞ்சின் வீரியம் குறையுமுன் பறித்தால் அது நமது சட்டிக்கே வந்து சேரும்.

நமக்குத் தீங்கில்லாமல் புழுவை மட்டும் கொல்ல வழியுண்டா? உண்டு. அது மண்ணிலேயே இருக்கிறது.

1901இல் யப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென மடிந்தன. அதற்குக் காரணம் ஒரு பற்றீரியா என்று இஷிவாட்டா என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். 1911இல் ஜேர்மனியில் பேர்லினர் என்பவர், தூரிங்கியாப் பகுதி மாவாலையொன்றின் மாப்புழுக்களில் அதே இனத்தைக் கண்டார். அவ்வூரின் பெயராலேயே அதற்கு 'பசிலஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக 'பீ.ரீ.' என்பார்கள். பட்டுப்புழுவைக் கொல்வது பயிர்ப்புழுவையும் கொல்லுமல்லவா? 1938இல் பிரான்சில் அது பயிர் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது.

இந்தப் பற்றீரியா பளிங்கு போன்ற ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. இலையோடு உள்ளே போன புரதம் அங்கே கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும். இரண்டு மூன்று நாட்களில் செத்துவிடும். நமது இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் நமது குடலில் இல்லை. எனவே நமக்கு அது நஞ்சாவதில்லை.

பங்கசு நோய்க்கும் மண்ணில் காவலர்கள் உண்டு. நாற்றுமேடையில் தக்காளிக் கன்றுகள் அடித்தண்டு அழுகிச் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். 'பசிலஸ் சப்டிலிஸ்', 'சூடோமோனாஸ்' ஆகிய பற்றீரியாக்களை விதையில் பூசி நட்டால், அவை வேரைச் சுற்றிக் குடியேறிக்கொள்ளும். பங்கசுக்கு வேண்டிய இடத்தையும் இரும்புச்சத்தையும் முந்திக்கொண்டு பிடிக்கும். அதை அடக்கும் பொருட்களையும் சுரக்கும்.

ஆனால் இவை மந்திரமல்ல. பீ.ரீ. வெயிலில் விரைவில் வலுவிழக்கும். ஆகவே மாலையில், புழு சிறியதாக இருக்கும்போதே, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயை அது ஒன்றும் செய்யாது. அளவுக்கு மிஞ்சினாலும் கெடுதிதான். ஹவாய்த் தீவுகளில் தொடர்ந்து அதையே தெளித்ததால், கோவாப் புழு அதற்குப் பழகிவிட்டதென 1990இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் சகோதரிகள் முதலில் புழுக்களைக் கையால் பொறுக்கிப் பாருங்கள். அடங்காவிட்டால், நஞ்சுப் போத்தலைத் தேடுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பீ.ரீ. பற்றிக் கேளுங்கள். அதையும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கோவாவை வழக்கம்போல் கழுவியே சமையுங்கள்.

புழு அரித்த ஓர் இலையைக் கிள்ளி எறிந்துவிடலாம். பிள்ளையின் வயிற்றுக்குள் போன நஞ்சை அப்படி எடுத்தெறிய முடியுமா?