குட்டியே சினைப்பட்டால்

லிட்கத்தில் எமது பின்வளவுக்கு வரும் தெருப்பூனை சிலவேளை தானே குட்டியாக இருக்கும்போதே சினைப்பட்டிருக்கும். பூனைகள் 4 மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரங்களே. பால் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது உதவியல்ல.

உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று, மைக்ரோசிப் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். உரிமையாளர் இல்லையெனில் கம்பர்லாந்து மாநகரசபைக்கு அறிவியுங்கள். சினையாக இருக்கும்போதும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம்; வயிற்றுக் குட்டிகள் பிழைக்கமாட்டா. "பாவம்" என்று தயங்குகிறோம். ஆனால் வளர்ச்சி முடியாத உடலுக்குப் பிரசவம் ஆபத்தானது. பிறக்கும் குட்டிகளுக்கோ வீடில்லை. ஆகவே சத்திரசிகிச்சையே நல்லதென்பது எம் கருத்து.

கர்ப்பிணிகள் பூனை மலத்தைத் துப்புரவாக்க வேண்டாம். அதிலுள்ள டொக்சோபிளாஸ்மா கிருமி சிசுவைப் பாதிக்கலாம். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் கையுறை அணிந்து செய்யட்டும்.