மஸ்கெலியா ரோட்டுக்கு எந்த ஸ்போர்ட்ஸ் கார்?

இன்றைக்குப் பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. கார் பற்றி ஒரு நீண்ட பதிவு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போங்கள், கோபமில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் எட்டு வருடமாகக் கட்டாரில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். போன கிழமை இரவு வொய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "சேர், ஊருக்கு வரப் போறேன். பின்சக்கரம் தள்ளுற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்னு எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆச. ஜிஆர்86ஆ, எம்எக்ஸ்-5ஆ, இல்லாட்டி பழைய ஏஈ86 ஒன்னு தேடவா? நீங்க சொல்லுங்க சேர்."

பெயர் போடாமல் அதை இங்கே ஸ்டேட்டஸாகப் போட்டு உங்களிடம் அபிப்பிராயம் கேட்டேன். கார் பற்றி நாலு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் பையனைப் பற்றிச் சொன்னார்கள். "லயத்துல இருக்கிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒரு கேடா" என்று ஒருவர். அதற்குப் பதினேழு பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் ஆசிரியர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கார். அவன் கேட்டது அதைத்தானே.

ஜிஆர்86 என்பது டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த கார். 2012இல் வந்த முதல் 86க்கு 2.0 லீட்டர் எஞ்சின், 200 குதிரைவலு. 2021இல் வந்த புதியதற்கு 2.4 லீட்டர், 235 குதிரைவலு. எடை ஏறத்தாழ 1,270 கிலோ. மஸ்டா எம்எக்ஸ்-5 1989இல் தொடங்கியது. இப்போதைய மொடல் 2015இல் வந்தது. ஜப்பானில் விற்கும் 1.5 லீட்டர் எஞ்சினுக்கு 130 சொச்சம் குதிரைவலு, எடை ஏறத்தாழ ஆயிரம் கிலோ. அமெரிக்காவில் இரண்டு கார்களின் தொடக்க விலையும் 30,000 டொலரை ஒட்டித்தான் இருக்கிறது. கடதாசியில் பார்த்தால் 86தான் வெல்லும். அதே காசுக்கு நூறு குதிரை கூட.

ஆனால் நாம் ஓடப் போவது கடதாசியில் இல்லை. நோர்வூட்டில் இருந்து மஸ்கெலியாவுக்கு வாருங்கள், அல்லது இங்கிருந்து நல்லதண்ணிக்குப் போங்கள். 235 குதிரையையும் அவிழ்த்துவிட நேரான ரோடு எங்கே இருக்கிறது? மூன்றாவது கியர் போட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு, அதில் கொழுந்து ஏற்றிய லொறி.

இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ பத்து வீதம் வலுவை இழக்கும். இந்த இரண்டு கார்களிலும் டர்போ இல்லை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது 86இன் 235 குதிரையில் நாற்பது குதிரை வழியிலேயே இறங்கியிருக்கும். எடை மட்டும் ஒரு கிலோவும் குறையாது.

பின்சக்கரம் தள்ளும் காரில் என்ன விசேஷம் என்று கேட்பவர்களுக்கு, தரம் 10 விஞ்ஞானம் போதும். ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாயும். தள்ளுகிற சக்கரம் அங்கேயே இருப்பதால் பிடிமானம் கூடும். முன்சக்கரம் இழுக்கும் காரில் திரும்புகிற வேலையும் இழுக்கிற வேலையும் ஒரே இரண்டு டயருக்கு. பின்சக்கரக் காரில் வேலை பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதனால் ஸ்டேரிங் பொய் சொல்லாது. ஆனால் மழை பெய்த தார் ரோட்டில், வளைவின் நடுவில், பெற்றோலைக் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். நம் ஊரில் மழை இல்லாத மாதம் எது?

ஏஈ86க்கு வருகிறேன். 1983 முதல் 1987 வரை வந்த கார், 1.6 லீட்டர் எஞ்சின். அதைப் புகழாக்கியது இனிஷியல் டி என்ற ஜப்பான் சித்திரக்கதை. டோஃபு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் மலை ரோட்டில் எல்லோரையும் தோற்கடிப்பான். (நம் ஊர் சூன் பாண் ஆட்டோக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன்தான் ஞாபகம். அந்த ஆட்டோவும் பின்சக்கரம் தள்ளுவதுதான்.) ஆனால் கதையால் அந்தக் காரின் விலை உலகம் முழுக்க எங்கேயோ போய்விட்டது. நாற்பது வருடப் பழைய இரும்புக்குப் புதுக் கார் காசு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இலங்கையில் அந்த வேலையை அந்தக் காலத்திலேயே செய்தது கேபி61 ஸ்டார்லட். 1978இல் வந்தது, பின்சக்கரம், 1.3 லீட்டர் எஞ்சின், பாரம் மிகக் குறைவு. பத்தனையில் பயிற்சியில் இருந்த காலத்தில் ஏப்ரல் மாதம் நண்பர்களோடு நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குப் போனேன். 1934இல் தொடங்கிய போட்டி அது, தேயிலைக்கு நடுவில் ரோட்டை மூடி ஓடுவார்கள். பெரிய கார்களை மறந்துவிட்டேன். ஒரு ஸ்டார்லட் வளைவில் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு ஏறிப்போன சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

ஆக, கார் பற்றிய என் தீர்ப்பு எம்எக்ஸ்-5, அதுவும் 1.5 லீட்டர். பாரம் குறைந்தால் ஏற்றத்தில் மட்டுமல்ல, இறக்கத்திலும் இலாபம். பிரேக் ஆயிரம் கிலோவை நிறுத்துவதும் 1,270 கிலோவை நிறுத்துவதும் ஒன்றல்ல. குறை இரண்டு இருக்கிறது. மஸ்கெலியா மழையில் துணிக் கூரையை எத்தனை நாள் திறக்கலாம் என்பது ஒன்று. மற்றது இரண்டே சீட். அம்மாவை ஏற்றினால் நாளைக்கு வரப்போகிற பொண்டாட்டிக்கு இடமில்லை. 86இல் பின்னால் பெயருக்காவது இரண்டு சீட் உண்டு.

இனி விலை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோ எஞ்சின் சிசியைப் பார்த்துப் போடுவது. சிசி கூடினால் ஒரு சிசிக்கான வீதமும் கூடும். அதன்மேல் சுங்கம், ஆடம்பர வரி, 18 வீத வற். 2.4 லீட்டர் காரை இந்த வரி நொறுக்கிவிடும். 1.5க்கு அடி கொஞ்சம் குறைவு. சின்ன எஞ்சினை எடுக்கச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

வரியை விடுங்கள். 30,000 டொலரை 300 ரூபாயால் பெருக்கினால் 90 இலட்சம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அவன் அம்மா கொழுந்து எடுத்தவர். அந்தச் சம்பளத்தில் ஒரு சதம் செலவழிக்காமல், மாதம் 25 நாள் வேலை செய்தால், 90 இலட்சம் சேர 22 வருடம். இந்தக் கணக்கை நான் அவனுக்கு அனுப்பவில்லை. எட்டு வருடம் வெயிலில் கிடந்தவனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

சிரித்தவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். கொழும்பில் ஒரு வியாபாரியின் மகன் இதே காரை வாங்கினால் "மாஷா அல்லாஹ், நல்ல ரசனை" என்றுதானே எழுதுவீர்கள்? அவனிடம் "முதலில் வீட்டைக் கட்டு" என்று யாராவது சொன்னதுண்டா? லயத்துப் பையன் மட்டும் தன் ஆசைக்கு ஊரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா? வீடு பற்றி அவனிடம் நானும் பேசினேன். தனியாக, போனில், அவன் வாத்தியார் என்ற உரிமையில். கொமெண்டில் அல்ல.

எனக்குப் பயம் காசு பற்றி இல்லை, இறக்கம் பற்றி. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லவில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனோடும் ஆட்டோவோடும் மோதி ஏழு பேர் போனார்கள். அந்த வேனில் இருந்தது ஹட்டன் பக்கத்துக் குடும்பம். அந்த ரோட்டில் போகும்போது இப்போதும் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு இறக்குகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் அவனிடம் மூன்று சத்தியம் கேட்டிருக்கிறேன். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். காருக்குக் கொடுக்கிற காசில் முதல் பங்கு டயருக்கு. வளைவில் வால் ஆட்டுகிற ஆசை வந்தால் ரோட்டை மூடி நடக்கிற போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும், மௌசாக்கலை ரோட்டில் வேண்டாம். அங்கே காலையில் என் பிள்ளைகள் நடந்து பள்ளிக்கூடம் வருகிறார்கள்.

முதல் இரண்டுக்கும் உடனே "சரி சேர்" என்றான். மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னான்.

இனி உங்களிடம் ஒரு உதவி. ஹட்டன், நுவரெலியா பக்கம் எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், குழிகளில் அடி தட்டுகிறதா, டயர் எங்கே வாங்குகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவனும் வாசிப்பான்.