புகழ்ச்சியும் அரசியல்தான்

2018 பிப்ரவரியில், மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படை முகாம் ஒன்றில், அணிவகுப்பின்போது அறிக்கை சொன்ன கான்ஸ்டபிள் ஒருவர் ‘மோடி நிகழ்ச்சி’ என்று சொல்லிவிட்டார். பெயருக்கு முன்னால் ‘மாண்புமிகு’வும் இல்லை, ‘ஸ்ரீ’யும் இல்லை. பிரதமருக்கு மரியாதைக் குறைவு என்று சொல்லி ஏழு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். விஷயம் செய்தித்தாள்களுக்கு வந்து, பிரதமரே அதிருப்தி தெரிவித்த பிறகுதான் தண்டனை ரத்தானது. அந்தக் கான்ஸ்டபிள் விமர்சிக்கவில்லை, முகநூலில் எதையும் எழுதவில்லை. ஒரு அடைமொழியை விட்டுவிட்டார், அவ்வளவுதான். சீருடை அணிந்தவர்கள் அரசியல் தலைவர்களைப் பற்றி என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற கேள்வியில் நம் அமைப்பு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கட்டுப்பாடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கருத்துரிமையைத் தந்த அதே அரசியல் சட்டம்தான், 33-வது பிரிவின் மூலம், படையினருக்கு அந்த உரிமையைக் குறைக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டமும் 1954-ம் ஆண்டு ராணுவ விதிகளும் அதிலிருந்து வந்தவை. அரசியல் கூட்டங்களில் கலந்துகொள்ளக்கூடாது, முன் அனுமதி இல்லாமல் அரசியல் விஷயங்களை எழுதி வெளியிடக்கூடாது. இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் செல்லும் என்று 1983-ல் விஸ்வன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020-ல் முகநூல், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொன்ன ராணுவ உத்தரவை எதிர்த்து ஒரு லெப்டினன்ட் கர்னல் டெல்லி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என்று மூன்று முறை தளபதிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். பர்மா 1962-ல் ராணுவத்தின் கைக்குப் போனது. நம் நாட்டில் அப்படி ஒன்று நடக்காததற்கு, படை அரசியல் பேசாமல் இருந்ததும் ஒரு காரணம். கையில் துப்பாக்கி வைத்திருப்பவர், தனக்கு ஆணையிடும் தலைவரைப் பொதுவெளியில் ஏசுவதும் ஓர் ஆசிரியரோ குமாஸ்தாவோ ஏசுவதும் ஒன்றல்ல.

ஆனால், இந்தத் தடைக்கு ஒரே நியாயம் நடுநிலைதான். தலைவர்களின் மானத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை அல்ல. நடுநிலை என்றால் ஏச்சுக்கும் தடை, துதிக்கும் தடை. அமெரிக்காவில் இது எப்படிக் கோணலானது என்பதைப் பார்க்கலாம். கேரி ஸ்டெயின் என்ற மரைன் சார்ஜென்ட், அதிபர் ஒபாமாவைக் கடுமையாகத் தாக்கி முகநூலில் எழுதினார். அவருடைய ஆணைகளை ஏற்க மாட்டேன் என்றார். பிறகு, சட்டவிரோத ஆணைகளைத்தான் சொன்னேன் என்று திருத்திக்கொண்டார். ஒன்பது வருட சேவைக்குப் பிறகு 2012 ஏப்ரலில், கௌரவமற்ற வகையில் வெளியே அனுப்பப்பட்டார். ஆணையை மறுப்பேன் என்று ஒரு சார்ஜென்ட் எழுதினால் நடவடிக்கை எடுக்காமல் எந்தப் படையும் இருக்க முடியாது. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதே விதிகள் நடைமுறையில் இருந்த 2025 ஜூனில், ஃபோர்ட் பிராக் ராணுவத் தளத்தில் அதிபர் டிரம்ப் பேசினார். பின்னால் சீருடையில் நின்ற வீரர்கள் அவருக்கு ஆரவாரம் செய்தார்கள். முன்னாள் அதிபர் பைடன் பெயர் வந்தபோது கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். தளத்துக்குள்ளேயே டிரம்பின் பிரசாரப் பொருள்கள் விற்பனையாயின. சீருடையோடு கட்சி அரசியலில் இறங்கக்கூடாது என்கிற விதி அன்று எங்கே போனது?

நாமும் சளைத்தவர்கள் அல்ல. நம் ராணுவ விதியின் வாசகத்தில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமே இல்லை. நடப்பில் இருக்கிறது. பாலகோட் தாக்குதலுக்குப் பிறகு, 2019 தேர்தல் நெருங்கியபோது, விங் கமாண்டர் அபிநந்தனின் படம் கட்சி விளம்பரத் தட்டிகளில் ஏறியது. படையினரின் படங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று 2013-லேயே சொன்னதைத் தேர்தல் ஆணையம் மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் உத்தரப் பிரதேச முதல்வர் மேடையேறி ‘மோடியின் சேனை’ என்றார். இனிமேல் கவனமாகப் பேசுங்கள் என்பதோடு ஆணையம் முடித்துக்கொண்டது. ஆக, சிப்பாயின் முகத்தை அரசியல்வாதி எடுத்துக்கொள்ளலாம். அரசியல்வாதியின் பெயரைச் சிப்பாய் அடைமொழி இல்லாமல் சொல்லக்கூடாது!

பாராட்டினால் என்ன கெட்டுவிடும், ஒழுங்கு குலையாதே என்று கேட்பார்கள். குலையும், மெதுவாக. மேலதிகாரி ஆளுங்கட்சித் தலைவரை இணையத்தில் போற்றி எழுதுகிறார் என்று வையுங்கள். எதை எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும் என்று கீழே இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். நாளை ஆட்சி மாறினால் புதிய அமைச்சர், யார் யாருடைய ஆள் என்று கணக்குப் பார்க்கத்தான் செய்வார். ஏசியவரை அடையாளம் காண்பது எளிது, தண்டிப்பதும் எளிது. துதித்தே மேலே ஏறியவர் படைக்குள்ளேயே இருந்து அதிகாரமும் செலுத்துவார்.

கொஞ்சம் தளர்த்தினால் குறைகளெல்லாம் வீடியோவாக வந்துவிடும் என்பது இன்னொரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்ட பருப்பையும் கருகிய ரொட்டியையும் படம்பிடித்து வெளியிட்டார். ஏப்ரலில் அவருக்கு வேலை போனது. அவர் குறை சொன்னது சாப்பாட்டை. எந்தக் கட்சியையும் அல்ல. அந்தப் பரபரப்புக்கு இடையில்தான் அன்றைய ராணுவத் தளபதி பிபின் ராவத், தங்கள் படையிலும் புகார்ப் பெட்டிகள் வைக்கப்படும் என்றும், சமூக ஊடகத்துக்குப் போனால் தண்டனை உண்டு என்றும் அறிவித்தார். இருக்கிற வழி போதவில்லை என்பதைப் பெட்டி ஒப்புக்கொள்கிறது. உள்ளே சொன்னால் கேட்க ஆள் இருந்தால், மானத்தையும் வேலையையும் பணயம் வைத்து யார் கேமராவைத் திருப்பப் போகிறார்கள்?

பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறை அமைச்சகமும் செய்ய வேண்டியது பெரிய சட்டத் திருத்தம் எதுவும் இல்லை. பணியில் இருப்பவர்கள் இணையத்தில் எந்த அரசியல் தலைவரையும் ஏசவும் கூடாது, துதிக்கவும் கூடாது என்று சமூக ஊடக வழிகாட்டுதலில் ஒரே மாதிரி எழுதி, இரண்டுக்கும் ஒரே தண்டனையை வைக்க வேண்டும். சாப்பாடு, விடுப்பு, சம்பளம் பற்றிய புகாரை அரசியல் பேச்சாகக் கருதக்கூடாது. ஓய்வுபெற்றவர்களின் வாயைக் கட்ட எந்த விதியும் வேண்டாம். அவர்கள் மற்ற குடிமக்களைப் போலத்தான். தேர்தல் ஆணையத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது: படைவீரரின் படத்தைத் தட்டியில் போடும் கட்சிக்கு இனி அறிவுரை அனுப்பிப் பயனில்லை, நடவடிக்கைதான் எடுக்க வேண்டும்.