பேயா? திமிரா? மூளையா?

தர்மபுரி ஜில்லாக் கிராமங்களில் ஒரு பெண் காலையில் சிரித்து, மத்தியானம் சீறி, இரவில் தன் கையைத் தானே அறுத்துக் கொண்டால் என்ன நடக்கிறது? பேய் பிடித்தது என்று பூசாரியிடம் இழுத்துப்போய், உடுக்கையடித்துச் சாட்டையால் விளாசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேயை நம்பாத நம் தோழர்களிலும் சிலர், “பேயாவது, பிசாசாவது! எல்லாம் திமிர்” என்கிறார்கள். இவ்விருவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். அவர் விசாரியாமல் பேய்மேல் பழி போடுகிறார். இவர் விசாரியாமல் பெண்மேல் பழி போடுகிறார். அடி விழுவதென்னவோ ஒரே முதுகில்தான்!

இவ்விதத் துன்பங்களில் ஒன்றுக்கு மன வைத்தியர்கள் ‘எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கைவிட்டு விடுவார்களோ என்ற ஓயாத பயம், நாழிகைக்கு நாழிகை மாறும் மனம், அடங்காத கோபம், தன்னையே காயப்படுத்திக் கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். ஆண்களுக்கும் இது வருகிறது.

மூளைக்குள்ளே வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்று ஒரு பாகம் உண்டு. ஆபத்தென்றால் மணியடிப்பது அதன் வேலை. நெற்றிக்குப் பின்னாலுள்ள பாகம் “பொறு” என்று அதை அடக்கும். இந்நோயாளிகளின் மூளையைப் படமெடுத்த பல பரிசோதனைகளில், சாதாரண முகத்தைக் கண்டாலே அந்த மணி அதிகமாய் அடிப்பதும், அடக்கும் பாகம் தளர்ந்திருப்பதும் தெரிந்திருக்கின்றன. இதற்குப் பிறவிக்கூறு ஒரு பங்கு; சிறு வயதில் பட்ட அடியும் அவமானமும் பலரிடத்தில் மற்றொரு பங்கு. அப்படியிருக்க, பயத்தால் துடிக்கும் மூளைக்குச் சாட்டையடி மருந்தாகுமா? எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதல்லவா அது?

மன நோய்க்குத் தர்காவையும் சங்கிலியையும் நம்பியதன் பலனை ஏர்வாடியில் நாடு கண்டது. 2001 ஆகஸ்ட் 6இல் அங்கு மூண்ட தீயில், சங்கிலியில் கட்டுண்டிருந்த 28 நோயாளிகள் மாண்டார்கள். மன நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்துவிட்டது.

வழி இல்லாமலில்லை. அமெரிக்காவின் மார்ஷா லினெஹன் அம்மையார், பேசிப் பயிற்றும் வைத்தியத்தால் இந்நோயாளிகள் தம்மைக் காயப்படுத்துவது குறைவதை 1991இல் காட்டினார். இளமையில் தாமே தம்மைக் காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்ததை 2011இல் பகிரங்கமாகச் சொன்னார். வருஷங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலோர் தேறுகிறார்கள் என்பதும் ஆராய்ந்து கண்ட உண்மை. பூசாரிக்குக் கொடுக்கும் காசில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, பெங்களூர் நிம்ஹான்ஸுக்கோ போய் வரலாம்.

பேயில்லை என்று மேடையில் முழங்குவது சுலபம். சொந்த வீட்டில் ஒருத்தி சீறும்போது ஓங்கிய கையை இறக்கி, வைத்தியரிடம் அழைத்துப் போகிறவனே பகுத்தறிவுவாதி என்போம்.