பழைய உடல், புதிய என்பு

சென்ற வாரம் எம் மாணவன் ஒருவன் வண்ணப் படமொன்றைக் கொணர்ந்து காட்டினான். அமெரிக்காவிலே ஓடும் 1932ஆம் ஆண்டுப் போர்ட் கார் அது. மட்காட்டுகள் களையப்பெற்றுத் தரையை ஒட்டித் தாழ்ந்து நின்றது. அதன் அடியில் இருந்ததோ அண்மைக்காலப் பிக்கப் வண்டியொன்றின் அடிச்சட்டம். "ஐயா, இது பழைய காரா, புதிய காரா?" என்று வினவினான். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை.

'ஹொட் றொட்' எனப்படும் இவ்வகைக் கார்களுக்குப் பேர்பெற்ற இடம் தென் கலிபோர்ணியா. 1930களில் அங்குள்ள இளைஞர் பழைய கார்களை மலிவாக வாங்கி, பாரங்குறைய மட்காட்டுகளைக் கழற்றி, மியூறொக் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளில் விரைந்தோட்டினர். 1932இல் போர்ட் வெளியிட்ட எட்டுச் சிலிண்டர் இயந்திரம் 65 குதிரைவலு உடையது. சாமானியர்க்கு எட்டும் விலையில் அத்துணை வலு கிடைத்தது அவர்களுக்குப் பெருவாய்ப்பாயிற்று. 1948 ஜனவரியில் அவர்களுக்கென 'ஹொட் றொட்' என்ற சஞ்சிகையும் தோன்றியது.

அக்காலக் காரின் வேகம் வளர்ந்ததேயன்றி, அதனை நிறுத்தும் ஆற்றல் வளரவில்லை. முன் சில்லுகள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு தாங்கியது. குறுக்கே ஒரு வில்லுத்தகடு. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிறேக்கைப் போர்ட் நிறுவனம் 1939ஆம் ஆண்டுக் கார்களிலேதான் பொருத்தியது. ஆதலின் இக்காலத்தோர் சிலர், 1982 முதல் 2004 வரையான செவ்ரோலே எஸ்-10 பிக்கப்பின் அடிச்சட்டத்தை நாடுகின்றனர். அதன் முன் சில்லுகள் தனித்தனியே அசைவன. அவற்றுக்குத் தட்டுப் பிறேக்கும் உண்டு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே பழைய போர்ட்டில் 106 அங்குலம். குட்டையான எஸ்-10இல் 108 அங்குலத்துக்குச் சற்று மேல். வேறுபாடு ஏறத்தாழ இரண்டு அங்குலமே!

'இவ்வளவு தானே' என்று எண்ணற்க. இரண்டு அங்குலம் விலகினாலும் சில்லு மட்காட்டின் வளைவுக்கு நடுவே நில்லாது. பழைய உடலின் துளைகள் புதிய சட்டத்தோடு பொருந்தா. தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைத்தல் வேண்டும். உடலைத் தாழ்த்தத் தளத்தை வெட்டியெடுத்தல் வேண்டும். ஸ்ரியறிங் தண்டும் பிறேக் மிதியும் இடம் மாறும். மட்காட் இல்லாத காரிலே பிக்கப்பின் முன்பகுதி அழகின்றி வெளித்தெரிவதைக் கண்டு பழமை விரும்பிகள் நகைப்பர். இவையனைத்தினும் பெரிது ஒன்றுண்டு. துருவேறிய சட்டமும் அரைகுறையாய்ப் பற்றவைத்த மூட்டும் ஓட்டுபவனை மட்டுமன்றி, எதிரே வரும் குற்றமற்றவனையும் கொல்லும். அளக்குமுன் வெட்டுதல் அறிவுடைமையன்று. அறியாத வேலையை அறிந்தவனிடம் கொடுத்தல் இழிவுமன்று.

சட்டச் சிக்கலும் உண்டு. அக்காலப் போர்ட்டின் இலக்கம் அடிச்சட்டத்திலேயே பொறிக்கப்பட்டது. சட்டத்தை நீக்கினால் காரின் பெயரும் பிறந்த ஆண்டும் அதனோடு போய்விடுகின்றன! எஞ்சிய உடலை எவ்வாண்டுக் காரெனப் பதிவதென்பதில் அமெரிக்க மாநிலங்களின் விதிகள் ஒரே வகையாக இல்லை.

மாணவனுக்கு நாம் கூறிய விடை இது: "தம்பி, அது பழையதுமன்று, புதியதுமன்று, இரண்டையும் இணைத்தவனுடைய கைவேலை. வயலோரத்தில் சட்டமிழந்து கிடந்த உடலுக்கு அவன் உயிர் கொடுத்தானாயின் பாராட்டுவோம். பழுதற்ற பழைய சட்டத்தைக் கழித்தெறிந்தானாயின் வருந்துவோம். விற்கும்போது '1932ஆம் ஆண்டின் அசல் கார்' என்று மட்டும் சொல்வானாயின், அது பொய்."

மாணவன் சற்றே சிந்தித்து, "அப்படியாயின் கார் அன்று, ஐயா, செய்தவனே சோதிக்கப்படுகிறான்" என்றான். எம்மினும் சுருங்கச் சொல்லிவிட்டான்!