குதிரையைக் குறைசொல்லும் முன்

ஃபெண்டர் நிறுவனம் 1958இல் ஜாஸ்மாஸ்டர் கிட்டாரை வெளியிட்டது. 1962இல் அதன் வழியில் ஜாகுவார் வந்தது. இவ்விரண்டின் மீதும் ஒரு குற்றச்சாட்டு நிலைபெற்றுவிட்டது: சற்று வலுவாக மீட்டினாலே தந்தி பிரிட்ஜில் தன் இடத்தை விட்டு நழுவுகிறது, ஆகவே கிட்டாரை வாங்கியவுடன் பிரிட்ஜை மாற்றிவிட வேண்டும். இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதியே விவாதத்துக்குரியது, உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கிட்டார் வாங்கிய மாணவர், சுங்க வரியும் கட்டி ஓர் உதிரிபாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நேர்வது அதனால்தான்.

பிரிட்ஜை வீணை, வயலின் மரபில் குதிரை என்பர். பிரெஞ்சிலும் அதன் பெயருக்குச் சிறு குதிரை என்றே பொருள். அதன் மேல் தந்தி அமரும் உறுப்பை ஆங்கிலம் சேணம் எனும் பொருளில் சேடில் என்று அழைப்பது மொழியியலாரை மட்டுமே மகிழ்விக்கும் தற்செயல்.

ஜாஸ்மாஸ்டரின் குதிரையில் ஆறு சேடில்கள் உண்டு. ஒவ்வொன்றும் திருகாணியின் மரைபோலப் பல மெல்லிய பள்ளங்கள் கொண்ட சிறு உருளை. தந்தியை விரும்பிய பள்ளத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பள்ளமும் ஆழமானதன்று. குதிரையைக் கடந்த தந்தி, தொலைவிலுள்ள டிரெமலோ தகட்டை நோக்கி ஏறத்தாழக் கிடையாகவே செல்கிறது. தந்தியைப் பள்ளத்தில் அழுத்திவைப்பது இரண்டே: தந்தியின் இழுவிசை, அது குதிரையைக் கடந்து கீழிறங்கும் கோணம். கோணம் குறைவாக இருக்கும் இக்கிட்டாரில் பெரும்பொறுப்பு இழுவிசையின் மேல் விழுகிறது.

ஒரே நீளத்தில் ஒரே சுருதிக்கு இழுத்துக் கட்டப்படும் எஃகுத் தந்தியின் இழுவிசை, அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.012 அங்குலத் தந்தியைக் கழற்றி 0.010 அங்குலத் தந்தியைப் பூட்டினால் இழுவிசையில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடும். தந்தி நீளம் 25.5 அங்குலமாக உள்ள ஜாஸ்மாஸ்டரை விட்டு 24 அங்குல ஜாகுவாருக்கு வந்தால் மேலும் 11 விழுக்காடு குறையும். 1958இல் ஜாஸ் கலைஞரை எண்ணி வடிவமைத்தவர்கள் மனத்தில் கொண்டது தடித்த தந்தி. 1960களில் மெல்லிய தந்திகள் பரவின. மாறியது தந்தி, பழி சுமந்தது குதிரை. பழைய நூலொன்றை இன்றைய அகராதிப் பொருளில் படித்துவிட்டு, ஆசிரியர் பிழையாக எழுதினார் என்பதற்கு ஒப்பானது இது.

‘நழுவல்’ என்ற ஒரே சொல் இரு வேறு கோளாறுகளை மூடிமறைப்பது இன்னொரு சிக்கல். தந்தி பக்கவாட்டில் பள்ளம் தாண்டுவது ஒன்று. டிரெமலோவை அழுத்தி விட்டபின், தந்தி நீளவாட்டில் பழைய நிலைக்குத் திரும்பாமல் சுருதி விலகுவது மற்றொன்று. முன்னதற்கு ஆழப் பள்ளமும் செங்குத்தான கோணமும் மருந்து. அதே மருந்து உராய்வைக் கூட்டிப் பின்னதை மோசமாக்கலாம். ஃபெண்டரின் குதிரை, உடலில் பதித்த கிண்ணங்களில் தளர்வாக நின்று, டிரெமலோவை அழுத்தும்போது தந்தியோடு சேர்ந்தே சாய்கிறது. அது ஆட்டங்காணும் பழுதன்று, அமைப்பே அதுதான். இதை அறியாமல் காகிதம் சுற்றி இறுக்குவோர் பலர்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது தந்தி: 0.011 அல்லது அதற்கு மேல். அடுத்து, கழுத்து உடலோடு சேரும் குழியின் உட்கோடியில் மெல்லிய ஆப்பு ஒன்றை வைத்தால் கழுத்து சற்றே பின்சாயும். அதற்கேற்பக் குதிரையை உயர்த்தும்போது கோணம் கூடும். செலவு அற்பம், வேண்டாமெனில் எடுத்துவிடலாம்.

மெல்லிய தந்தியைத் தவிர வேறெதிலும் வாசிக்க இயலாதவர்க்கு இவ்வாதம் செல்லாது. அவர்கள் குதிரையை மாற்றத்தான் வேண்டும். அவர்க்கும், மேற்சொன்னவற்றைச் செய்தும் பயன் காணாதவர்க்கும் முதல் தேர்வு மஸ்டாங் குதிரை. சேடிலுக்கு ஒரே பள்ளம். அதே கிண்ணங்களில் அமரும். சாயும் இயல்பும் நீங்காது. மாஸ்டரி குதிரையில் மூன்று தந்திகளுக்கு ஒன்றாக இரண்டே சேடில்கள். சாயாது, தந்தியே பள்ளத்தில் வழுக்கிச் செல்லும். நன்று, ஆனால் விலை மாணவர்க்கு எட்டாது. கிப்சன் மரபின் டியூன்-ஓ-மேட்டிக்கில் பள்ளத்தை அரத்தால் ஆழமாக்க நேரலாம்; அராவியது அராவியதுதான்.

குதிரைக்குப் பின்னே தந்திகளை அழுத்தும் பஸ் ஸ்டாப் உருளையையும் பலர் பரிந்துரைக்கின்றனர். கோணத்தைக் கூட்டுவதில் அது வல்லது. ஆனால் சோனிக் யூத் குழுவினர் மீட்டி ஒலியெழுப்பியது அந்தப் பின்தந்திகளில்தான். அவற்றின் அதிர்வை அடக்கிவிட்டால், ஜாஸ்மாஸ்டரைத் தேடி வாங்கியது எதற்கு?

மஸ்டாங்கில் தந்திகளின் உயரத்தைத் தனித்தனியே மாற்ற இயலாது. விரற்பலகையின் வளைவு ஆரம் பழைய கிட்டார்களில் 7.25 அங்குலம், புதியவை பலவற்றில் 9.5. வாங்குமுன் அதை அளந்துகொள்வது நலம். பொருந்தாத உதிரிபாகத்தைக் கடல் தாண்டித் திருப்பியனுப்பும் செலவு, சில வேளை அதன் விலையையே எட்டிவிடும்.