வாரம் எத்தனை மணி நேரம்?

இங்கிலாந்தில் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூராட்சி வரியைப் பாக்கி வைத்தவர்களுக்கு, அதற்காக வரும் கடிதங்களின் வரிசை மனப்பாடம். ஒரு மாதத் தவணை தவறினால் முதலில் நினைவூட்டல் வரும், ஏழு நாளில் கட்டச் சொல்லி. கட்ட முடியாமல் இன்னும் ஒரு வாரம் போனால் ஆண்டு முழுவதற்குமான மீதித் தொகையையும் மொத்தமாகக் கேட்பார்கள். அதையும் கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சம்மன் வீட்டுக்கு வரும், வழக்குச் செலவும் பாக்கியோடு சேரும். இப்படிக் கறாராக வசூலிக்கும் கவுன்சில்களில் பல, தங்களுக்காக உழைக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்று உறுதி தர மறுக்கின்றன. ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தம் என்பது இதுதான். வேலை இருந்தால் கூப்பிடுவோம், இல்லையென்றால் கூலி இல்லை. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு நிர்வாகம் இப்படி ஆள் வைப்பது அநீதி.

ஊரில் விடியற்காலையில் தெருமுனையில் கூலி வேலைக்குக் காத்து நிற்பவருக்கு, ஒன்பது மணிக்குள் அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். இல்லையென்றால் வேறு வழி பார்க்கப் போய்விடலாம். முதியோரை வீட்டுக்கு வீடு போய்ப் பராமரிக்கும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கும் கேரருக்கு அந்தத் தெளிவுகூடக் கிடையாது. இரவு ஏழு மணிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தி மறுநாள் காலை ஷிப்டை ரத்து செய்துவிடும். அதற்குள் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்திருப்பார், பஸ் பாஸ் வாங்கியிருப்பார்.

கவுன்சில்கள் இதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கின்றன. ரிலீஃப் ஊழியர், கேஷுவல் ஊழியர், பேங்க் ஊழியர் என்பார்கள். நூலகம், நீச்சல் குளம், பள்ளிச் சமையலறை, முதியோர் இல்லம் என்று பல இடங்களில் இவர்களைப் பார்க்கலாம். தேவை ஏறி இறங்குகிறது, அதற்கேற்ப ஆளும் கூடிக் குறைய வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உட்காருபவருக்கு இந்த வாதம் பொருந்தும். அது உண்மையிலேயே ஒரு நாள் வேலை. ஆனால் நூலகத்தின் நேரம் வாசலில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கவாதத்தில் படுத்த ஒரு மூதாட்டியை எழுப்பி, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுக்கும் தேவை வருடத்தின் 365 நாளும் மாறாமல் இருக்கிறது. இவ்வளவு நிலையான தேவையை நிலையற்ற ஒப்பந்தத்தில் கட்டுவதற்கு ஒரே காரணம் செலவைக் கீழே தள்ளுவது. பட்ஜெட்டில் விழும் துண்டை யார் தாங்குவது என்ற கேள்விக்கு, ஆகக் குறைந்த சம்பளக்காரர் தாங்கட்டும் என்று விடை எழுதிவிட்டார்கள்.

வீட்டுப் பராமரிப்பில்தான் இந்தக் கொடுமை முழுதாகத் தெரிகிறது. கவுன்சில் இந்த வேலையைத் தனியார் ஏஜென்சிக்குக் கொடுக்கிறது. பல இடங்களில் வாடிக்கையாளர் வீட்டில் செலவான நிமிடங்களை எண்ணித்தான் பணம் தருகிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் இடையில் காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் வராமல் போகின்றன. லண்டன் ஹாரிங்கே கவுன்சிலுக்காக ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்த்த பத்து கேரர்கள், பெரும்பாலும் கறுப்பின, சிறுபான்மைப் பெண்கள், யூனிசன் தொழிற்சங்கத்தின் துணையோடு வழக்காடினார்கள். எல்லோரும் ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தக்காரர்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பது வரை வெளியே இருக்க வேண்டிய வேலை. கூலியோ அதில் ஒரு பகுதிக்கு மட்டும். பயண நேரமும், வருகைகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று 2020-ல் தீர்ப்பாயம் சொன்னது. ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்ட் அவர்களுக்குக் கிடைத்தது. பல ஆண்டுப் போராட்டம் அது. பத்துப் பேர் துணிந்தார்கள் என்றால் துணியாதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

துணியாததற்குக் காரணம் உண்டு. இந்த ஒப்பந்தத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்க வேண்டிய அவசியமே இல்லை. ரோட்டா என்ற வேலை அட்டவணையில் பெயரைப் போடாமல் இருந்தால் போதும். பதினைந்து நிமிடத்தில் ஒரு முதியவரைக் குளிப்பாட்டிச் சாப்பிட வைக்க முடியாது என்று புகார் செய்தவருக்கு அடுத்த வாரம் அழைப்பு வராது. எந்தப் பதிவிலும் அது தண்டனையாக இருக்காது. கேரர் வாய் மூடினால் அதன் விலையைக் கொடுப்பவர் படுக்கையில் இருக்கும் முதியவர். லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் நம் அம்மா அப்பாக்களும் அந்தப் படுக்கைகளில் இருக்கிறார்கள், நம் அக்கா தங்கைகள் அந்தக் கேரர்களாகவும் இருக்கிறார்கள்.

மத்திய அரசின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 2010-11 முதல் 2017-18 வரை உள்ளூராட்சிகளுக்கான மத்திய அரசு நிதி உண்மை மதிப்பில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று தேசியத் தணிக்கை அலுவலகமே கணக்குக் காட்டியது. கவுன்சில்களின் கை கட்டப்பட்டது உண்மை. ஆயினும் அதே காலத்தில் சவுத்வார்க், இஸ்லிங்டன் போன்ற கவுன்சில்கள் யூனிசனின் அறநெறிப் பராமரிப்பு சாசனத்தில் கையெழுத்திட்டன. நிரந்தர வேலை இருக்க வேண்டிய இடத்தில் ஜீரோ ஹவர்ஸ் கூடாது, பயண நேரத்துக்குக் கூலி உண்டு என்கிறது அந்தச் சாசனம். பணமில்லை என்ற ஒரே காரணத்தின் பின்னால் எல்லாக் கவுன்சில்களும் ஒளிந்துகொள்ள இனி இடமில்லை. ஏஜென்சிதான் முதலாளி, நாங்கள் இல்லை என்ற பதிலும் எடுபடாது. விலையும் நிமிடமும் கவுன்சில் எழுதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன.

சில ஊழியர்கள் ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தத்தையே விரும்புகிறார்கள் என்பார்கள். படிக்கும் மாணவர் சிலர் விரும்பலாம். அப்படியென்றால் உறுதியான மணி நேரத்தை எல்லோருக்கும் முன்னால் வையுங்கள், வேண்டாதவர் மறுக்கட்டும். நியூசிலாந்து 2016-லேயே இத்தகைய ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டது. அயர்லாந்து 2019-ல் பெரும்பாலும் தடுத்தது. பிரிட்டனிலும் 2025 டிசம்பரில் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம் நிறைவேறியது. வழக்கமாகச் செய்யும் மணி நேரத்துக்கு உறுதி பெறும் உரிமையும், கடைசி நேரத்தில் ரத்தாகும் ஷிப்டுக்கு இழப்பீடும் அதில் உண்டு. அவை நடைமுறைக்கு வர 2027 ஆகும் என்கிறது அரசு. ஊரின் ஆகப் பெரிய முதலாளிகளில் ஒன்றான கவுன்சில் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம், அடுத்த டெண்டரிலேயே நிபந்தனை சேர்க்கலாம். கவுன்சிலர்களுக்கான அடிப்படைப் படி ஆண்டுக்கு இவ்வளவு என்று உறுதியாக வருகிறதே, அந்த உறுதியைத்தான் ஊழியர்களும் கேட்கிறார்கள்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தகவல் சுதந்திரச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் கவுன்சிலுக்குக் கேள்வி அனுப்பலாம். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். உங்களிடமும் உங்கள் ஒப்பந்த நிறுவனங்களிடமும் உறுதியான மணி நேரம் இல்லாமல் வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒப்பந்த நிறுவனங்களின் கணக்கு எங்களிடம் இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள்.